ரயிலேறிப் போய்ப் பாட்டுக் கற்ற தாய்



பாட்டு சோறு போடுமா? இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு நம்மிடையே இருக்காது. கோயில் திருவிழாவில் ஒரு சிறுமி நன்றாகப் பாடிவிட்டால் எல்லாரும் கைதட்டுகிறோம். “அடடா, என்ன குரல்!” என்று மெச்சுகிறோம். மறுநாள் அந்தப் பிள்ளை, “அம்மா, நான் முறையாகப் பாட்டுப் படிக்கட்டுமா?” என்று கேட்டால் நம் முகம் மாறிவிடுகிறது. காலையில் பெரட்டுக்குப் போய், பால் மரம் வெட்டி, வெயிலில் வாளி தூக்கிக் குடும்பத்தைக் காப்பாற்றிய தாய் தகப்பனுக்கு அந்தக் கேள்வி வருவது நியாயந்தான். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால், நம்மைப்போலவே வசதியில்லாத ஒரு வீட்டில், நம்மைப்போலவே பலருடைய ஏளனத்துக்கு ஆளான ஒரு வீட்டில் பிறந்து, பாட்டையே தொழிலாகக் கொண்டு, தொண்ணூற்றாறு வயதுவரை மதிப்போடு வாழ்ந்த ஒரு பெண்மணியின் கதையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் பெயர் கங்குபாய் ஹங்கல். தமிழ்நாட்டுப் பாடகி அல்லர். இன்றைய கர்நாடக மாநிலத்தின் வட பகுதியைச் சேர்ந்தவர். அவர் பாடியது நம் கோயில்களில் கேட்கும் கர்நாடக இசையும் அன்று. வட இந்தியாவில் வழங்கும் இந்துஸ்தானி இசை. ஆனாலும் அவருடைய வாழ்க்கை நமக்கு அந்நியமாகத் தோன்றாது. கேளுங்கள்.

1913-ஆம் ஆண்டு மார்ச் 5-ஆம் நாள் தார்வார் என்னும் ஊரில் அவர் பிறந்தார். தாயார் அம்பாபாய் கர்நாடக இசையில் தேர்ந்த பாடகி. தந்தையார் விவசாயி. தாய்வழியில் பெண்கள் பரம்பரையாகப் பாட்டுப் பாடிவந்த குடும்பம் அது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட குடும்பங்களைச் சமூகம் எப்படிப் பார்த்தது தெரியுமா? பாட்டு மட்டும் வேண்டும், பாடுகிறவள் வேண்டாம். கல்யாணத்துக்கும் விழாவுக்கும் வரவழைத்துப் பாடச் சொல்வார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போடமாட்டார்கள். சிறுமி கங்குபாய் தெருவில் நடந்தால், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் “பாடுகிறவள் போகிறாள் பார்” என்று கேலி பேசுவார்களாம்.

ஒருமுறை, மற்றப் பிள்ளைகளைப் போலவே, அந்தச் சிறுமியும் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் புகுந்து மாங்காய் பறித்துவிட்டாள். வீட்டுக்காரர்களுக்குக் கோபம் வந்தது. மாங்காய் போனதற்காக அல்ல. ஒரு பாடகியின் மகள் தங்கள் தோட்டத்துக்குள் கால் வைத்துவிட்டாளே என்பதற்காக! பின்னாளில் கங்குபாய் புகழ் பெற்றதும், அதே வீட்டார் அவரை அழைத்து விருந்து வைத்தார்கள். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வது வழக்கம். சிரித்துக்கொண்டு சொன்னாலும், அந்தப் பிஞ்சு வயதில் பட்ட அடியை அவர் மறக்கவில்லை என்பதும் அதில் தெரிகிறது அல்லவா?

இன்னொரு நிகழ்ச்சி. 1924-ஆம் ஆண்டு பெல்காம் நகரில் காங்கிரஸ் மாநாடு கூடியது. காந்தியடிகள் தலைமை வகித்த ஒரே காங்கிரஸ் மாநாடு அதுதான். அந்த மாநாட்டில் வரவேற்புப் பாட்டுப் பாடிய சிறுமிகளில் கங்குபாயும் ஒருத்தி. அப்போது வயது பதினொன்று. மகாத்மாவின் முன்னால் பாடப்போகிறோம் என்ற மகிழ்ச்சி இருக்க வேண்டிய நேரத்தில், அந்தக் குழந்தையின் மனத்தில் ஓர் அச்சம் இருந்தது. “சாப்பாட்டுக்குப் பிறகு என்னைத் தனியே நிறுத்தி எச்சில் இலை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ?” என்பதே அந்த அச்சம். பதினொரு வயதுப் பிள்ளைக்கு இப்படி ஒரு கவலை வரலாமா? சாதியின் பெயராலும் தொழிலின் பெயராலும் மனிதரைத் தாழ்த்துவது ஒரு குழந்தையின் நெஞ்சை எவ்வளவு ஆழமாகக் கீறிவிடுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பள்ளிப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனால் காது மட்டும் படிப்பை நிறுத்தவில்லை. அந்த நாளில் வீட்டுக்கு வீடு இசைத்தட்டுக் கருவி கிடையாது. எங்காவது ஒரு கடையிலோ வீட்டிலோ கிராமபோன் பாடினால், சிறுமி ஓடிப்போய் நின்று கேட்பாள். வீட்டுக்கு வந்து அதை அப்படியே பாடிக் காட்டுவாள். வாத்தியார் யாரும் இல்லாமல், கேட்டுக் கேட்டே கற்ற முதற்பாடம் அது.

மகளுடைய நாட்டம் இந்துஸ்தானி இசையில் இருப்பதைத் தாய் அம்பாபாய் கண்டுகொண்டார். இங்கேதான், நேயர்களே, இந்தக் கதையின் மிக உயர்ந்த பகுதி வருகிறது. தாயார் கர்நாடக இசையில் வல்லவர். வீட்டில் அவர் தம் வழியில் பாடிக்கொண்டே இருந்தால், பிள்ளையின் காதில் இரண்டு முறைகளும் கலந்துவிடும். இந்துஸ்தானி இசைக்கு வேண்டிய தனிப்போக்கு அமையாது. இதை உணர்ந்த அந்தத் தாய் என்ன செய்தார்? தம்முடைய பாட்டை நிறுத்திக்கொண்டார். வாழ்நாளெல்லாம் பயின்ற கலையை, மகளுக்காக வாய்மூடி விட்டுக்கொடுத்தார். அதோடு நில்லாமல், மகளுக்கு நல்ல ஆசிரியர் கிடைக்க வேண்டும் என்பதற்காக 1928-ஆம் ஆண்டு குடும்பத்தோடு தார்வாரை விட்டு ஹூப்ளி நகருக்குக் குடிபெயர்ந்தார். பிள்ளைகளின் படிப்புக்காக ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போன தாய் தகப்பன் நம்மிலும் உண்டு. அவர்களுக்கு அம்பாபாயின் மனம் நன்றாகப் புரியும்.

ஹூப்ளியில் கிருஷ்ணாசார்ய ஹுல்கூர், தத்தோபந்த் தேசாய் என்னும் இரண்டு ஆசிரியர்களிடம் கங்குபாய் பயின்றார். அறுபது உருப்படிகள் வரை பாடமாயின. 1929-ல், பதினாறாம் வயதில், குருராவ் கௌல்கி என்னும் வழக்கறிஞரோடு வாழ்க்கை அமைந்தது. பிள்ளைகளும் பிறந்தார்கள். 1932-ல் தாயார் இறந்துவிட்டார். சிறிது காலத்தில் தந்தையும் போய்விட்டார். மகள் பெரிய பாடகியாகப் பேர் எடுப்பதைப் பார்க்க அந்தத் தாய்க்குக் கொடுத்து வைக்கவில்லை. கணவர் செய்து பார்த்த வியாபாரங்களும் கைகொடுக்கவில்லை. குடும்பப் பாரம் கங்குபாயின் தோளில் ஏறியது. பாட்டு சோறு போடுமா என்று கேட்டோமே, அந்த வீட்டில் பாட்டுதான் சோறு போட வேண்டியிருந்தது.

இனி, அவர் இசை பயின்ற விதத்தைப் பார்ப்போம்.

கங்குபாயின் உண்மையான குரு ‘சவாய் கந்தர்வா’ என்னும் பட்டப் பெயரால் அறியப்பட்ட ராம்பாவு குந்தகோள்கர். ஹூப்ளிக்கு அருகிலுள்ள குந்தகோள் அவருடைய ஊர். மராத்தி நாடக மேடையில் பாடி நடித்துப் பெரும்புகழ் பெற்றவர். அவருடைய குரு உஸ்தாத் அப்துல் கரீம் கான். இந்த அப்துல் கரீம் கானுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. தென்னாட்டு இசையைப் பெரிதும் மதித்தவர் அவர். தியாகராசர் கீர்த்தனையையே இசைத்தட்டில் பாடியிருக்கிறார். 1937-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு ரயிலில் போகும்போது நெஞ்சு வலி கண்டது. சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் இறங்கினார். அந்த நிலையத்து மேடையிலேயே இறைவனை நினைந்து பாடி, அங்கேயே உயிர் நீத்தார்.

அப்துல் கரீம் கான் வளர்த்த பாணிக்குக் ‘கிரானா கரானா’ என்று பெயர். கரானா என்றால் குருவின் வீட்டு வழி என்று சொல்லலாம். சமையலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம் இருக்கிறதல்லவா? ஒரே மீன்தான், ஒரே புளிதான். ஆனால் பாட்டி வழியாக வந்த பக்குவம் வீட்டுக்கு வீடு மாறும். பாட்டிலும் அப்படித்தான். ஒரே ராகத்தை ஒரு கரானா வேகத்தால் அழகு செய்யும்; இன்னொன்று தாளக் கணக்கால் அழகு செய்யும். கிரானா வழியினர் சுரத்தின் தூய்மைக்கே முதலிடம் கொடுத்தார்கள். ஒரு சுரத்தைத் தொட்டால் அதிலே நின்று, அது முழுதாகக் கனிந்த பிறகே அடுத்த சுரத்துக்குப் போவார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். நம்மூர்க் கோயில்களில் நாகசுரக்காரர் மோகன ராகம் வாசிக்கக் கேட்டிருப்பீர்கள். ச, ரி, க, ப, த என்று ஐந்தே சுரங்கள். அதே சுரங்களை உடைய ராகத்தை வடக்கே பூபாளி என்று சொல்வார்கள். நாம் இந்தோளம் என்பதை அவர்கள் மால்கௌன்ஸ் என்பார்கள். நம் பிள்ளைகள் முதன்முதலில் சரளி வரிசை பாடுவது மாயாமாளவகௌளை ராகத்தில். அதே சுரங்களை வடக்கே பைரவ் என்று அதிகாலையில் பாடுவார்கள். ஆகவே நிலம் ஒன்றுதான். உழுகிற முறைதான் வேறு. நம் வித்துவான்கள் முதலில் தாளம் இல்லாமல் ஆலாபனை செய்து, பிறகு கீர்த்தனை பாடுவார்கள். இந்துஸ்தானி இசையில் ‘கயால்’ என்னும் முறையில், இரண்டே வரியுள்ள ஒரு சிறு பாட்டை எடுத்துக்கொண்டு, தபலா மிக மெதுவாகத் தாளம் போட, அந்தத் தாளத்துக்குள்ளேயே ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக்கொண்டு போவார்கள். கீழ்ச் சட்சத்தில் தொடங்கினால் மேல்ச் சட்சத்தைத் தொட அரைமணி நேரம்கூட ஆகலாம். பொறுமையாகக் கேட்கிறவர்களுக்கு, கிழக்கு வெளுத்து மெல்ல மெல்ல விடிவதைப் பார்க்கிற சுகம் அதில் கிடைக்கும்.

சரி, இந்தப் பாட்டைக் கங்குபாய் எப்படிக் கற்றார்? குரு நாடகக் கம்பெனியோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்ததால், ஆரம்ப காலத்தில் அவர் ஊருக்கு வரும்போதுதான் பாடம் கிடைத்தது. 1930-களின் இறுதியில் சவாய் கந்தர்வா ஊரோடு தங்கிவிட்டார். அதன் பிறகுதான் தீவிரமான பயிற்சி தொடங்கியது. ஹூப்ளியிலிருந்து குந்தகோள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர். கங்குபாய் ரயிலேறிப் போவார். குருவின் வீட்டில் பாடம் கேட்பார். மறுபடி ரயிலேறி ஹூப்ளிக்குத் திரும்புவார். சின்னப் பெண் அல்லர் அப்போது. பிள்ளைகளைப் பெற்ற தாய். வீட்டு வேலையும் உண்டு, பிள்ளைகளும் உண்டு, கச்சேரி செய்து சம்பாதிக்க வேண்டிய கட்டாயமும் உண்டு. இவ்வளவுக்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அந்த ரயில் பயணம் நடந்தது.

குருவின் வீட்டில் அப்போது இன்னொரு மாணவரும் தங்கிப் பயின்றுகொண்டிருந்தார். பதினொரு வயதில் குருவைத் தேடி வீட்டை விட்டு ஓடி, வட இந்தியாவெல்லாம் அலைந்து, கடைசியில் தம் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே குருவைக் கண்டுகொண்டவர் அவர். அவர்தாம் பிற்காலத்தில் பாரத ரத்னா விருது பெற்ற பீம்சேன் ஜோஷி. ஒரே குருவின் வீட்டிலிருந்து இந்தியா போற்றும் இரண்டு குரல்கள் புறப்பட்டன என்றால், அந்தக் குரு எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்!

சவாய் கந்தர்வா பாடம் சொல்லும் முறை கடுமையானது. பத்து ராகம், இருபது ராகம் என்று அள்ளிக் கொடுக்கமாட்டார். சில ராகங்களே, ஆனால் ஒவ்வொன்றிலும் அடிவரை போக வேண்டும். ஒரு சிறு சுரக்கோவையைச் சொல்லிக் கொடுத்தால், அது சரியாக அமையும் வரை திரும்பத் திரும்ப அதையே பாட வேண்டும். சரியாக வந்த பிறகும் பாட வேண்டும். ஏனென்றால் ஒருமுறை சரியாக வருவது தற்செயல், எப்போதும் சரியாக வருவதுதான் வித்தை. பால் மரம் வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்படும். கொஞ்சம் மேலே போனால் பால் வராது. பட்டையைச் சரியான அளவில் சீவுகிற அந்தக் கை எத்தனை நாள் பழக்கத்தில் வந்தது! குரலுக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். அதைத்தான் சாதகம் என்கிறார்கள்.

குரு சொல்லிக் கொடுத்த ஒரு பாடத்தைக் கங்குபாய் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருந்தார். கஞ்சன் தன் காசை ஒவ்வொன்றாக எண்ணிச் செலவழிப்பதுபோலப் பாடகன் தன் சுரத்தைச் செலவழிக்க வேண்டும் என்பது அந்தப் பாடம். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால், பிறகு கையில் என்ன இருக்கும்? சம்பளத்தன்றே எல்லாப் பணத்தையும் செலவழித்துவிட்டு, மாதக் கடைசியில் கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறவன் கதைதான். ஒரு சுரத்தைக் கொடுத்து, கேட்கிறவர்களை ஏங்க வைத்து, அடுத்த சுரத்தைக் கொடுக்க வேண்டும். அப்படிப் பாடினால் ராகம் கடைசிவரை வற்றாது.

1940-களின் தொடக்கத்தில் சவாய் கந்தர்வாவைப் பக்கவாத நோய் தாக்கியது. பாடம் அதோடு முடிந்தது. 1952-ல் அவர் காலமானார். மூன்று ஆண்டுகள்தாமே என்று நாம் நினைக்கலாம். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் வாங்கியதைக் கங்குபாய் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பாடிக்கொண்டிருந்தார். குரு கொடுத்தது விதை. மரமாக வளர்த்தது மாணவியின் உழைப்பு.

இனி அவருடைய குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1930-களில் பம்பாய்க்குப் போய் இசைத்தட்டுக்குப் பாடினார். அப்போது ‘காந்தாரி’ என்ற பெயரில் அவர் பாட்டுகள் வெளிவந்தன. அந்தத் தட்டுகளில் கேட்பது மெல்லிய, உயர்ந்த பெண் குரல். பிறகு தொண்டையில் நோய் கண்டது. டான்சில் சதைக்குச் சிகிச்சை செய்தார்கள். அதன் பின் குரல் மாறிவிட்டது. கனத்த, தாழ்ந்த, ஆண் குரல் போன்ற குரலாகிவிட்டது. பாடிப் பிழைக்கிற ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய இடி வேறு என்ன இருக்க முடியும்? கையை நம்பி வாழ்கிறவனுக்குக் கை போனது போலத்தானே!

வேறொருவராக இருந்தால் பாட்டையே விட்டிருப்பார். அல்லது போன குரலை நினைத்து நினைத்து அழுதிருப்பார். கங்குபாய் இரண்டையும் செய்யவில்லை. இருக்கிற குரல் இதுதான். இந்தக் குரலுக்கு ஏற்ற பாட்டைப் பாடுவோம் என்று துணிந்தார். குனுகலும் குழைவும் இந்தக் குரலுக்குப் பொருந்தாது. ஆழமும் கம்பீரமும் பொருந்தும். 1945-ஆம் ஆண்டுவரை பஜனைப் பாட்டு, தும்ரி போன்ற மெல்லிய பாடல்களையும் மேடையில் பாடிவந்தவர், அதன் பிறகு ராக இசையை மட்டுமே பாடினார். “லேசான பாட்டு ஒன்று பாடுங்கள்” என்று கேட்டாலும், தாம் ராகம்தான் பாடுவேன் என்று சொல்லிவிடுவார். முதலில் முகம் தெரியாமல் கேட்டவர்கள், பாடுவது ஆணா பெண்ணா என்று திகைத்தார்கள். பின்னர் அந்தக் குரலே அவருடைய அடையாளம் ஆகிவிட்டது. மெலிந்த, குள்ளமான உருவம். ஆனால் வாய் திறந்தால் மண்டபம் அதிரும். குறை என்று உலகம் சொன்னதையே நிறையாக மாற்றிக்கொண்ட நெஞ்சுறுதி அது.

வானொலியும் அவருக்குத் துணை செய்தது. பம்பாய் வானொலியில் பாடினார். 1950-ல் தார்வாரிலேயே வானொலி நிலையம் வந்த பிறகு, எந்தத் தெருவில் கேலி பேசினார்களோ அந்தத் தெருவின் வீடுகளுக்குள்ளேயே அவர் குரல் நுழைந்தது. திண்ணையில் ஏற விடாதவர்கள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். வானொலிப் பெட்டிக்குச் சாதி தெரியாது அல்லவா?

ஆனாலும் ஒரு வேறுபாடு அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. பாடுகிற ஆண் முஸ்லிமாக இருந்தால் ‘உஸ்தாத்’ ஆகிவிடுகிறார். இந்துவாக இருந்தால் ‘பண்டிட்’ ஆகிவிடுகிறார். பெண் மட்டும் எவ்வளவு பெரிய வித்தை கற்றாலும் வெறும் ‘பாய்’ ஆகவே இருந்துவிடுகிறாள் என்று அவர் மனம் நொந்து சொன்னதுண்டு. தம் காலத்துப் பெரும் பாடகிகள் எல்லாருக்காகவும் அவர் கேட்ட நியாயம் அது.

மதிப்பு தேடி வராமல் போகவில்லை. 1971-ல் பத்மபூஷண், 1973-ல் சங்கீத நாடக அகாதெமி விருது, 2002-ல் பத்மவிபூஷண் ஆகியவை அவருக்குக் கிடைத்தன. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர், கர்நாடகப் பல்கலைக்கழகத்தில் கௌரவ இசைப் பேராசிரியராக இருந்தார். பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்துப் பெருமைப்படுத்தின. இன்று மைசூரில் இருக்கும் இசைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். எச்சில் இலை எடுக்கச் சொல்வார்களோ என்று அஞ்சிய சிறுமியின் பெயர், ஒரு பல்கலைக்கழகத்தின் வாசலில் எழுதப்பட்டிருக்கிறது!

துன்பங்களும் விடவில்லை. 1966-ல் கணவர் காலமானார். மகள் கிருஷ்ணா, தாயோடு மேடையில் அமர்ந்து கூடப் பாடி, தாயின் குரல் தளர்ந்த இடத்தில் தம் குரலைக் கொடுத்துத் தாங்கிவந்தவர். அந்த மகளும் 2004-ல் புற்றுநோயால் இறந்துவிட்டார். பெற்ற பிள்ளையைப் பறிகொடுப்பதைவிடக் கொடுமை உண்டா? அந்தக் கொடுமையையும் தாங்கிக்கொண்டு, 2006-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், தொண்ணூற்று மூன்று வயதில், தம் கடைசிக் கச்சேரியைச் செய்தார். மேடையேறத் தொடங்கி எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைந்ததைக் குறிக்கும் கச்சேரி அது. 2009-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் ஹூப்ளியில் உயிர் நீத்தார். அவருடைய கண்கள் தானமாகக் கொடுக்கப்பட்டன.

நேயர்களே, இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

முதலாவது, ஒரு பிள்ளையின் கலைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். அம்பாபாய் பணம் கொட்டிக் கொடுக்கவில்லை; அவரிடம் அது இல்லை. பிள்ளையின் நாட்டத்தைக் கவனித்தார். அதற்குக் குறுக்கே நிற்காமல், தம் பாட்டையே ஒதுக்கி வைத்துக்கொண்டு வழிவிட்டார். நம் வீட்டுப் பிள்ளை ஒரு மூலையில் உட்கார்ந்து பாடும்போது, தொலைக்காட்சிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக் காது கொடுப்பது நம்மாலும் முடியும். அதற்குக் காசு வேண்டியதில்லை.

இரண்டாவது, கற்பதற்கு வயது தடையில்லை. பிள்ளை பெற்ற பிறகுதான் கங்குபாய் ரயிலேறினார். “கல்யாணம் ஆகிவிட்டது, இனி எனக்கு என்ன படிப்பு?” என்று சொல்லும் சகோதரிகள் அந்த ரயிலை நினைத்துப் பார்க்க வேண்டும். அது பாட்டாக இருக்க வேண்டும் என்பதில்லை. தையலாக இருக்கலாம், எழுத்துக் கூட்டிப் படிப்பதாக இருக்கலாம்.

மூன்றாவது, நிறையக் கற்பதைவிட நிலையாகக் கற்பது மேல். இன்றைக்குப் பிள்ளைகள் ஒரு மாதம் வகுப்புக்குப் போனதும், “எப்போது மேடையில் பாடுவாய்?” என்று கேட்கிறோம். சரளி வரிசையைப் பாடும் பிள்ளையிடம் சினிமாப் பாட்டை எதிர்பார்க்கிறோம். விதை போட்ட மறுவாரம் பால் மரத்தில் பால் எடுக்க முடியுமா? கத்தி வைக்க ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கத் தெரிந்த நமக்கு, பிள்ளையின் குரலுக்காகக் காத்திருக்க மட்டும் பொறுமை இல்லாமல் போகலாமா?

நான்காவது, மற்றவர் ஏளனத்துக்கு நாம் கொடுக்கக்கூடிய சிறந்த பதில் நம் வேலையின் தரந்தான். ‘தோட்டத்துப் பிள்ளைதானே’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தச் சொல்லின் வலி எனக்கும் தெரியும். கங்குபாய் பட்ட வலியும் அதுபோன்றதுதான். அவர் சண்டை போடவில்லை. தலை குனியவும் இல்லை. தம்புராவை மடியில் சாய்த்துக்கொண்டு, அவர்கள் வாய்மூடிக் கேட்கும் வரை பாடினார். அதே சமயத்தில், நியாயம் இல்லாததை நியாயம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லவும் தயங்கவில்லை.

பாட்டு சோறு போடுமா என்ற கேள்வியோடு தொடங்கினோம். எல்லாருக்கும் போடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். பாட்டுப் படித்த பிள்ளை பள்ளிப் படிப்பையும் படிக்கட்டும், கைத்தொழிலும் கற்கட்டும். ஆனால் பாட்டு, சோற்றோடு சேர்த்து இன்னொன்றையும் போடுகிறது. நிமிர்ந்து நிற்கும் முதுகெலும்பை அது கொடுக்கிறது. பெற்றோரை இழந்தபோதும், குரல் மாறியபோதும், மகளைப் பறிகொடுத்தபோதும், கங்குபாய் ஹங்கலைத் தூக்கி நிறுத்தியது அதுதான்.

அவருடைய இசைத்தட்டு ஒன்று எங்கேனும் கிடைத்தால், வேலை முடிந்து வந்த ஒரு மாலை நேரத்தில் குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். மொழி புரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் குரல் முரடாகத் தோன்றலாம். பொறுத்திருங்கள். கஞ்சன் காசை எண்ணுவதுபோல ஒவ்வொரு சுரமாக அவர் எடுத்து வைப்பதைக் கவனியுங்கள். அந்தச் சுரங்களுக்குப் பின்னால் ஒரு ரயில் ஓடுவதும், ஒரு தாய் தம் பாட்டை நிறுத்திக்கொண்டு மகளின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பதும் உங்களுக்குத் தெரியும்.